அரபு நாடுகளில் இத்தனை பேருக்கு உடல் பருமன் வந்தது எப்படி?

கேள்வி இது: “வேலை மாறிக் குடும்பத்தோடு தோஹா போகிறோம். வளைகுடா நாடுகளில் உடல் பருமனும் சர்க்கரை நோயும் ரொம்ப அதிகம் என்கிறார்கள். எண்ணெய்ப் பணம் வந்ததும் இறைச்சியாகத் தின்று, உடம்பு வளையாமல் இருந்துவிட்டார்கள், அதுதான் காரணமா? அங்கே போனால் நாங்களும் அப்படித்தான் ஆவோமா?”

குவைத்தில் உணவு ஆலோசகராகப் பல வருடங்கள் வேலை பார்த்தவள் என்பதால், என்னைப் பார்க்கும் நம் ஊர்க்காரர்கள் எல்லோரும் ஏறக்குறைய இதே வார்த்தைகளில் இதைக் கேட்பார்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் இறைச்சியை விட்டுவிடுங்கள். இந்தக் கதையில் அதன் பங்கு சிறியது. ரொட்டி, அரிசி, சர்க்கரை, எண்ணெய் இவை நான்கையும் அரசாங்கங்களே மலிவாக வீடு தேடிக் கொடுத்தன. அதே காலத்தில் ஊர்களின் அமைப்பே மாறி, மனிதர்கள் நடப்பதற்கான அவசியம் ஒவ்வொன்றாகப் போனது. பெண்களுக்கு அது முழுசாகவே போனது. எனக்குத் தெரிந்தவரை காரணம் இவ்வளவுதான். ஒரு இனத்தையே சோம்பேறி என்று சொல்லும் பேச்சு எனக்குக் கொஞ்சமும் ஒப்பாது.

இன்னொன்று, ‘அரபு நாடுகள்’ என்று ஒரே மூச்சில் சொல்வதே தப்பு. உலக சுகாதார நிறுவனத்தின் 2016 மதிப்பீட்டில் குவைத்தில் வயது வந்தவர்களில் சுமார் 38 சதவீதம் பேருக்கு உடல் பருமன். சவுதியிலும் கத்தாரிலும் 35 சதவீதம் வாக்கில். ஏமனில் 17 சதவீதம்தான். (பி.எம்.ஐ. 30க்கு மேல் இருந்தால் பருமன் என்று கணக்கு. எடையைக் கிலோவில் எடுத்து, உயரத்தை மீட்டரில் எடுத்து, உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வருவது பி.எம்.ஐ.) சூடானின் ஸம்ஸம் என்ற இடம்பெயர்ந்தோர் முகாமில் 2024லும், காசாவில் 2025லும் பஞ்சம் என்றே அறிவித்தார்கள். சூடானும் பாலஸ்தீனமும் அரபு நாடுகள் கணக்கில்தான் வருகின்றன.

பணம்தான் காரணம் என்பவர்கள் எகிப்தைப் பார்க்க வேண்டும். கத்தார்க்காரரின் வருமானத்தில் மிகச் சிறிய பங்குதான் சராசரி எகிப்தியருக்கு. அங்கே 2018 அக்டோபரில் ‘10 கோடி ஆரோக்கியம்’ என்று ஒரு பெரிய பரிசோதனை இயக்கம் தொடங்கினார்கள். கல்லீரலைத் தின்னும் ஹெபடைட்டிஸ் சி வைரஸைத் தேடுவதுதான் முதல் நோக்கம். கூடவே எடை, ரத்த அழுத்தம், சர்க்கரையையும் பார்த்தார்கள். ஏழு மாதத்தில் ஏறத்தாழ 5 கோடிப் பேர் வந்தார்கள். அதில் தெரிய வந்தது: வயது வந்தவர்களில் 39.8 சதவீதம் பேருக்குப் பருமன். ஆண்களில் 29.5, பெண்களில் 49.5. இரண்டு பெண்களில் ஒருவர்! குவைத்தின் பணமும் இல்லை, தினமும் ஆட்டிறைச்சி வாங்கும் வசதியும் இல்லை. அப்புறம் எப்படி?

எகிப்தில் மானிய ரொட்டியின் பெயர் பலாதி. 1980களின் கடைசியில் இருந்து 2024 ஜூன் வரை ஒரு ரொட்டியின் விலை 5 பியாஸ்டர், அதாவது ஒரு எகிப்திய பவுண்டில் இருபதில் ஒரு பங்கு. எத்தனையோ விலைவாசி உயர்வுகள் வந்து போயின, ரொட்டி விலை மட்டும் அசையவில்லை. விலையை ஏற்றாமல் ரொட்டியின் எடையைக் குறைத்தார்கள். 2020ல் 110 கிராமில் இருந்து 90 கிராம் ஆனது. விலையில் கை வைக்க அரசுக்குப் பயம். 1977 ஜனவரியில் அதிபர் அன்வர் சதாத் மானியத்தை வெட்டியதும் நாடே தெருவுக்கு வந்தது. இரண்டு நாளில் பல பத்துப் பேர் செத்தார்கள், உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. 1984ல் துனிசியாவிலும் இதே கதை. அதன்பிறகு எகிப்தின் ஆட்சியாளர்கள் ரொட்டி விலையை வெளிப்படையாக ஏற்றத் தயங்கினார்கள். 2024ல்தான் 20 பியாஸ்டர் ஆக்கினார்கள். கார்டு வைத்திருப்பவர்களுக்குத் தலைக்கு ஒரு நாளைக்கு ஐந்து ரொட்டி. சுமார் 7 கோடிப் பேர் இதை வாங்குகிறார்கள். கூடவே மானியத்தில் சர்க்கரை, சமையல் எண்ணெய்.

பலாதி கெட்ட ரொட்டி என்று சொல்ல வரவில்லை. நம் பரோட்டா மைதாவைவிடத் தவிடு கூடுதலாக உள்ள மாவுதான் அது. அந்த ரொட்டி இல்லாவிட்டால் பல கோடி வீடுகளில் அடுப்பே எரிந்திருக்காது, அதை மறந்துவிட்டுப் பேசக் கூடாது. சிக்கல் எங்கே என்றால், ரொட்டியும் சர்க்கரையும் எண்ணெயும் கிட்டத்தட்ட இலவசம், காய்கறி, பழம், முட்டை, கோழிக்கு மட்டும் சந்தை விலை. கையில் காசு இறுகும்போது வீட்டுக்காரி முதலில் எதைக் குறைப்பாள்? கோழியை. எதைக் கூட்டுவாள்? ரொட்டியை. வயிறு நிறையும், சத்து சேராது. அதனால்தான் ஒரே வீட்டில் அம்மாவுக்கு உடல் பருமன், குழந்தை வயதுக்கேற்ற உயரம் வளராமல் குட்டை. 2014 கணக்கெடுப்பில் எகிப்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஐந்தில் ஒன்று இப்படி வளர்ச்சி குன்றியிருந்தது. நைல் டெல்டா கிராமங்களில் முன்பெல்லாம் மக்காச்சோள மாவில் வெந்தயம் கலந்து வீட்டிலேயே ரொட்டி சுடுவார்கள். மானியக் கோதுமை வந்தபின் அந்த வேலை யாருக்கும் கட்டுப்படியாகவில்லை.

கெய்ரோ தெருவில் விற்கும் கோஷரியை ஒரு முறை உற்றுப் பார்த்தால் இது புரியும். கிண்ணத்தின் அடியில் சோறு, அதன்மேல் மக்ரோனி, பயறு, கொண்டைக்கடலை, தக்காளிச் சாறு, பூண்டு போட்ட வினிகர், உச்சியில் எண்ணெயில் கருகப் பொரித்த வெங்காயம். ருசியில் குறை சொல்லவே முடியாது. பயறும் கடலையும் இருப்பதால் பல தெரு உணவுகளைவிட மேல்தான். கட்டுமான வேலைக்குப் போகிறவருக்கு மதியம் வரை தாங்கும். அதையே நாள் முழுக்க நாற்காலியில் இருப்பவரும் அதே அளவில் சாப்பிட்டு, கூடவே ரொட்டியும், சர்க்கரை அள்ளிப்போட்ட கறுப்புத் தேநீரும் சேர்த்தால் உடம்பு அதை எங்கே வைக்கும்?

சரி, வளைகுடாவுக்கு வருவோம். எண்ணெய்க்கு முந்தைய குவைத், பஹ்ரைன், கத்தார் எல்லாம் முத்துக்குளிப்பையும் பாய்மரக் கப்பலையும் நம்பிய ஊர்கள். குளிகாரர் விடியற்காலையில் பேரீச்சம்பழமும் காப்பியும் எடுத்துக்கொண்டு, பகலெல்லாம் மூச்சடக்கி மூழ்கி, ராத்திரி மீனும் சோறும் தின்பார். அரிசி பெரும்பாலும் நம் நாட்டுத் துறைமுகங்களில் இருந்துதான் போனது. உள்நாட்டில் பதுக்கள் எனப்படும் பாலைவன நாடோடிகள் ஒட்டகப்பாலும் பேரீச்சையும் வாற்கோதுமையும் வைத்து வாழ்ந்தார்கள். ஆட்டை அறுப்பது விருந்தாளி வந்தால்தான். குவைத்தில் குடிதண்ணீரே ஷத்துல் அரப் ஆற்றில் இருந்து மரக்கலத்தில் வந்தது.

1946ல் குவைத் எண்ணெய் ஏற்றுமதியைத் தொடங்கியது. 1952ல் நகரத் திட்டம் ஒன்று போட்டார்கள், 1957ல் பழைய மதில் இடிக்கப்பட்டது. ஃபரீஜ் எனப்படும் ஒட்டிய வீடுகளும் நிழல் விழும் குறுகிய சந்துகளும் போய், அகலமான நெடுஞ்சாலைகளும் தனித்தனி வில்லாக்களும் வந்தன. நோய்களின் வரலாற்றில் எனக்கு முக்கியமாகப் படும் வருடங்கள் இவைதான். கே.எஃப்.சி. குவைத்துக்கு வந்த 1973ஐயும், மெக்டொனால்ட்ஸ் கடை திறந்தபோது கார்கள் கிலோமீட்டர் கணக்கில் வரிசை நின்ற 1994ஐயும் எல்லோரும் சொல்வார்கள். அதற்கு முன்பே பள்ளிவாசல், கடை, சொந்தக்காரர் வீடு எல்லாமே காரில் போகும் தூரத்துக்குத் தள்ளிப் போய்விட்டன. கோடையில் வெயில் சாதாரணமாகவே 45ஐத் தாண்டும். 2016 ஜூலையில் குவைத்தின் மித்ரிபாவில் 53.9 டிகிரி பதிவானது. நிழல் தரும் சந்து இல்லாத ஊரில் அந்த வெயிலில் யார் நடப்பார்?

குவைத் குடிமக்களுக்கும் ரேஷன் உண்டு, தம்வீன் என்பார்கள். அரிசி, சர்க்கரை, எண்ணெய், பால்பவுடர் எல்லாம் தலைக்கு இவ்வளவு என்று மலிவு விலையில் கிடைக்கும். வீட்டில் பத்துப் பேர் என்றால் சர்க்கரை மூட்டையாகவே வரும். ஜமியா எனப்படும் கூட்டுறவுக் கடையில் குப்பூஸ் ரொட்டி பாக்கெட்டும் மானிய விலைதான். ஆக, பணக்கார நாடும் ஏழை நாடும் குடிமக்கள் மனம் கோணாமல் இருக்க ஒரே நான்கு பொருளைத்தான் கையில் எடுத்தன.

உணவு ஆலோசனைக்கு வரும் பெண்மணிகளிடம் ஒரு நாள் முழுக்கச் சாப்பிட்டதை எழுதி வரச் சொல்வேன். அறுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மாவின் தாளில் குற்றம் சொல்ல ஒன்றுமே இல்லை. காலையில் லபன் என்ற மோரும் ரொட்டியும், மதியம் மச்பூஸ் என்ற இறைச்சிச் சோறு கொஞ்சம், ராத்திரி சூப். சர்க்கரை அளவோ ஏறிக்கொண்டே போகிறது. “தேநீர்?” என்று கேட்டேன். தேநீரைச் சாப்பாட்டில் சேர்ப்பார்களா என்று அவர் திருப்பிக் கேட்டார். இஸ்திகான் என்று இடுப்பு ஒடுங்கிய சின்னக் கண்ணாடிக் குவளை உண்டு. அதில் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை போட்டுக் கலக்காமல்கூடக் குடிப்பார்கள், அடியில் பாகாக நிற்கும். வீட்டுக்கு யார் வந்தாலும் அவர்களோடு ஒன்று. நாளைக்குப் பத்துக்கு மேல் ஆகிறது. பத்து என்றே வையுங்கள், 80 கிராம் சர்க்கரை, 320 கலோரி. அவர் கணக்கில் அது உணவே இல்லை. அவரைத் தேநீரை நிறுத்தச் சொல்வது, வருகிறவர்களை வரவேற்காதே என்பதற்குச் சமம். அரை தேக்கரண்டி என்று கொண்டு வருவதற்கே மாதங்கள் ஆயின.

மச்பூஸ், கப்ஸா, மந்தி எதுவானாலும் பரிமாறும் முறையும் முக்கியம். பெரிய தாம்பாளத்தில் சோற்று மலை, நடுவில் இறைச்சி, சுற்றி ஏழெட்டுப் பேர். யார் எவ்வளவு தின்றார் என்று அவருக்கே தெரியாது. வீட்டுக்காரர் நல்ல துண்டாகப் பிய்த்து உங்கள் பக்கம் தள்ளிக்கொண்டே இருப்பார், நீங்கள் கையை எடுத்தால் அவர் முகம் வாடும். அந்தச் சோறு இறைச்சி வெந்த தண்ணீரிலேயே நெய்யும் கொழுப்புமாக வெந்தது. இறைச்சியைவிட அதன் கீழே இருக்கும் சோற்றில்தான் எடை ஏறுகிறது என்று நான் சொன்னால் நம்பாதவர்கள் உண்டு, கிராம் போட்டுக் காட்டிய பிறகே நம்புவார்கள்.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான கணக்கெடுப்புகளில் அவர்கள்தான் அதிகம் பாதிக்கப்பட்டிருக்கிறார்கள். சவுதியில் 2013ல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில் ஆண்களில் 24.1, பெண்களில் 33.5 சதவீதம். ஒரே வீட்டில், ஒரே தாம்பாளத்தில் சாப்பிடுபவர்கள்தானே? வித்தியாசம் நடமாட்டத்தில்தான் பெருமளவு இருக்கிறது. சவுதியில் பெண்பிள்ளைகளின் அரசுப் பள்ளிகளில் உடற்பயிற்சி வகுப்புக்கே 2017ல்தான் அனுமதி வந்தது. பெண்களுக்கான ஜிம்முக்கு உரிமம் கொடுக்கத் தொடங்கியதும் அந்த வருடம்தான். அதுவரை மூன்று தலைமுறைப் பெண்கள் ஓடாமல், விளையாடாமல் வளர்ந்தார்கள். தண்ணீர் சுமப்பது, துணி துவைப்பது, மாவு அரைப்பது எல்லாம் ஒரே தலைமுறையில் மறைந்தன. அந்த வேலையில் பெரும்பகுதி இலங்கையில் இருந்தும் இந்தியாவில் இருந்தும் பிலிப்பைன்ஸில் இருந்தும் போன வீட்டுவேலைப் பெண்களின் தலையில் விழுந்தது. இதில் அடுத்தடுத்துப் பிரசவமும் சேர்ந்தால் எடை ஏறுவதற்குக் கேட்கவா வேண்டும்? அரபுப் பெண்களை நடக்க விருப்பம் இல்லாதவர்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். காலையில் மால் கடை திறக்கும் முன்பே அதன் நடைபாதையில் அபாயாவோடு வேகவேகமாக நடக்கும் பெண்களை நான் பார்த்திருக்கிறேன். குளிரூட்டிய, பாதுகாப்பான, யாரும் கேள்வி கேட்காத இடம் கிடைத்தால் நடக்கிறார்கள்.

‘குண்டாக இருந்தால்தான் அழகு என்பது அரபுப் பண்பாடு’ என்று சொல்வதும் உண்டு. மொரிட்டானியாவில் கல்யாணத்துக்காகச் சிறுமிகளைக் குடம் குடமாகப் பால் குடிக்க வைத்துக் கொழுக்க வைக்கும் கொடுமையான வழக்கம் இருந்தது உண்மை, இன்னும் முழுதாக ஒழியவில்லை. அதை மற்ற அரபு நாடுகளுக்கு நீட்டுவது தவறு. குவைத்தில் இளம்பெண்கள் எடை குறைக்க இரைப்பை அறுவை சிகிச்சைக்குக் காத்திருக்கிறார்கள். மக்கள்தொகையோடு பார்த்தால் அந்த அறுவை சிகிச்சை மிக அதிகம் நடக்கும் நாடுகளில் குவைத்தும் ஒன்று.

மரபணுவும் கொஞ்சம் உண்டு. ஆனால் மரபணு ஐம்பது வருடத்தில் மாறாது. இஸ்ரேலின் தெற்கே நெகேவ் பாலைவனத்துப் பதுக்களிடம் 1960களில் சர்க்கரை நோய் அபூர்வம். 1970களில் ரஹத் போன்ற ஊர்களில் குடியமர்த்தினார்கள். வீட்டில் அரைத்த முழுக்கோதுமை ரொட்டி போய்க் கடை வெள்ளை மாவு வந்தது, மந்தைக்குப் பின்னால் நடந்த கால்களுக்கு வேலை இல்லாமல் போனது. இன்று அங்கே சர்க்கரை நோய் சர்வசாதாரணம். வளைகுடாவில் நடந்தது பணத்தோடு நடந்தது, இங்கே பணமே இல்லாமல் நடந்தது.

ரமலானைப் பற்றியும் கேட்பீர்கள். நோன்பு எடையைக் கூட்டுகிறது என்று பொதுவாகச் சொல்ல முடியாது. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் சராசரியாக ஒரு கிலோ அளவுக்குக் குறைகிறது, சில வாரங்களில் திரும்பி வந்துவிடுகிறது. வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு தண்ணீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்று நபிமொழியே இருக்கிறது. நோன்பு திறக்கும் முதல் பத்து நிமிடம், பேரீச்சம்பழமும் தண்ணீரும் லபனும் ஷோர்பா சூப்பும், எந்த உணவு ஆலோசகரும் எழுதிக் கொடுக்கக் கூடியதுதான். தொழுகை முடிந்த பிறகு வரும் சம்பூசா, பாகில் முக்கிய லுகைமாத் உருண்டைகள், விம்டோ என்ற இனிப்புப் பானம், அப்புறம் நடுராத்திரிக் கூட்டமான கப்காவில் இன்னொரு தாம்பாளம், தூக்கமும் கெட்டு நாளே தலைகீழாவது, இவைதான் கெடுக்கின்றன.

அரசுகள் சும்மா இல்லை. சவுதி 2017 ஜூனில் சோடா பானங்களுக்கு 50 சதவீதமும் எனர்ஜி பானங்களுக்கு 100 சதவீதமும் வரி போட்டது. ஜனங்கள் டப்பா ஜூஸுக்கு மாறியதும், 2019 டிசம்பரில் சர்க்கரை போட்ட எல்லா பானங்களுக்கும் நீட்டினார்கள். கத்தாரும் எமிரேட்ஸும் ஓமனும் பஹ்ரைனும் இதே வழியில் வந்தன. ஹோட்டல் மெனுவில் கலோரி எழுதச் சொன்னது, டிரான்ஸ் கொழுப்பைத் தடை செய்தது இரண்டும் சவுதியில் நன்றாக நடந்த காரியங்கள். இரண்டாவதற்காக உலக சுகாதார நிறுவனம் 2024ல் பாராட்டிய முதல் ஐந்து நாடுகளில் சவுதியும் ஒன்று. துபாயில் 2013ல் எடை குறைத்தால் கிலோவுக்கு ஒரு கிராம் தங்கம் என்று அறிவித்தது உலகம் முழுக்கச் செய்தியானது. அதுபோன்ற பரிசுத் திட்டங்களில் எனக்கு நம்பிக்கை இல்லை, தங்கம் வாங்கியபின் எடை திரும்பிவிடும். 2024 டிசம்பரில் ஓடத் தொடங்கிய ரியாத் மெட்ரோ, அந்த நகரில் 135 கிலோமீட்டருக்குத் திட்டமிட்டுப் பகுதி பகுதியாகத் திறக்கப்படும் நடை–சைக்கிள் பாதை, இவற்றில்தான் எனக்கு நம்பிக்கை. மானியத்தில் சர்க்கரைக்குப் பதில் பயறையும் முட்டையையும் கூட்டிக் கொடுக்கும் துணிச்சல் எந்த அரசுக்கு வரும் என்றுதான் காத்திருக்கிறேன்.

இப்போது உங்கள் விஷயம். நீங்களும் அப்படி ஆவீர்களா? ஆகலாம், அதுவும் அவர்களைவிடக் குறைந்த எடையிலேயே. நம் உடம்புக்குப் பி.எம்.ஐ. 23ஐத் தாண்டும்போதே சர்க்கரை நோய் எட்டிப் பார்க்கும், அதனால் 30 வரும்வரை காத்திருக்காதீர்கள். ஊரில் பஸ் பிடிக்க நடந்தது, மாடி ஏறியது எல்லாம் அங்கே இருக்காது. வீடு பார்க்கும்போது வாடகையில் கொஞ்சம் கூடினாலும் தோஹா மெட்ரோ நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் பாருங்கள். அல் கராஃபா, உம் அல் செனீம் பூங்காக்களில் குளிரூட்டிய நடைபாதை இருக்கிறது, கோடையில் குழந்தைகளை அங்கே கூட்டிப் போங்கள்.

அப்புறம் கரக் டீ. நம் பக்கத்து ஆட்கள் கொண்டுபோய் அரபுகளையே பழக்கிவிட்ட டீ அது. கடை வாசலில் காரை நிறுத்தி ஹாரன் அடித்தால் பையன் பேப்பர் கப்பில் கொண்டு வந்து ஜன்னலில் நீட்டுவான். கெட்டிப் பாலும் சர்க்கரையும் ஏலக்காயும் அண்டாவிலேயே சேர்ந்து கொதித்தது என்பதால் சர்க்கரை குறைவாக என்று அதில் கேட்க முடியாது. வீட்டில் போட்டுக் குடியுங்கள். வெளியே குடிக்க வேண்டி வந்தால் பால் இல்லாத சுலைமானி கேட்டு, ‘சுக்கர் கலீல்’ என்று சொல்லுங்கள், குறைத்தே போட்டுத் தருவார்கள். போய்ச் சேர்ந்த முதல் மாதமே வீட்டில் பெரியவர்கள் எல்லோருக்கும் எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டுவது) பரிசோதனை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், வருடா வருடம் ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.